எரிகிற வாசனையைத் தேடிய நேர்முகப் பரீட்சை

தோட்டத்துப் பிள்ளை ஒருவன் டொக்டருக்குப் படித்தால் லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் புரியும். டீச்சருக்குப் படித்தாலும் புரியும். இரசாயனப் பொறியியல் படித்தால், படிக்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. (படிக்கிறவனுக்கும் மூன்றாம் வருடம் வரை புரியாது. அதை அவன் வெளியே சொல்லமாட்டான்.)

நான் அதைத்தான் படித்தேன். ருவான்வெல்லை பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து பல்கலைக்கழகம் போனவன். லீவுக்கு வந்தால் பக்கத்து வீட்டு அத்தை, "புல்லுக்கு அடிக்கிற மருந்து செய்யிற படிப்பாமே தம்பி" என்று விசாரிப்பார். இன்னொருவர் பற்றாத கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவார். "இஞ்சினியர்தானே, ஒருக்கா பாருங்க." நானும் பார்த்தேன். அதுவரை எப்போதாவது பற்றிக்கொண்டிருந்த அடுப்பு, அதற்குப் பிறகு ஒருபோதும் பற்றவில்லை.

அப்பா மட்டும்தான் விடாமல் எனக்காக வாதாடுவார். "நம்ம ஸ்டோரு மாதிரி பெரிய பெரிய ஸ்டோரு வெளிய இருக்கு. அதுல எத எவ்வளவு ஊத்தணும், எவ்வளவு சூடு வைக்கணும்னு எம் மகன்தான் சொல்லணும்" என்பார். (ஸ்டோர் என்றால் எங்கள் பக்கம் தொழிற்சாலை.) நான் விடுவேனா? வெப்பக் கடத்தல், திணிவுக் கடத்தல் என்று ஆரம்பிப்பேன். அப்பா மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

அப்பாவுக்கு வேலை புகைக்கூடத்தில். ரப்பர் பாலை உறைய வைத்து, அழுத்தி, சீட்டுகளாக்கி, உயரமான ஒரு மூடிய கட்டடத்துக்குள் கம்புகளில் தொங்கவிடுவார்கள். கீழே ரப்பர் விறகு எரிந்துகொண்டே இருக்கும். வெள்ளைச் சீட்டுகள் தேன் நிறத்துக்கு வரும்வரை புகை போடவேண்டும். நெருப்பைப் பார்ப்பது, உள்ளே போய்ச் சீட்டுகளைத் திருப்பிப் போடுவது, காய்ந்ததை இறக்குவது எல்லாம் அப்பாதான். கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தப் புகைக்குள் போனவர். நான் கடைசி வருடம் முடித்தபோது அவருடைய இருமலை வைத்தே, வருவது அவர்தான் என்று லயத்தில் கதவைத் திறக்காமலே சொல்லிவிடக் கூடியதாக இருந்தது. ஆஸ்பத்திரி டொக்டர் புகையை விட்டுவிடும்படி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அப்பா வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தையில் முடித்தார்.

"தம்பிக்கு வேல கெடச்ச மறுநாளே நின்னுர்றேன்."

ஸ்டோரில் எல்லோரிடமும் அதையே சொல்லி வைத்திருந்தார். ஆகவே என் முதல் நேர்முகப் பரீட்சையில் தொங்கிக்கொண்டிருந்தது என் எதிர்காலம் மட்டுமல்ல, அப்பாவின் மூச்சும்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி வருவதற்கு நீங்கள் சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். ஆனால் இது தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

அழைப்பு வந்தது கொழும்புக்குப் பக்கத்தில் பசை தயாரிக்கும் ஒரு கொம்பனியிலிருந்து. அம்மா ருவான்வெல்லை பஸாரில் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினார். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் உடுத்தலாமா? ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, மடித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். எங்கள் பக்கத்து மழைக்காலத்தைத் தெரிந்தவர்களுக்கு மீதி தெரியும். சுவர் வியர்க்கும், பாய் வியர்க்கும், தலையணை வியர்க்கும். அந்த ஈரத்தில் மஞ்சள் மடிப்புக்கு மடிப்பு பிரயாணம் செய்து, இரண்டு நாளில் சட்டையின் முதுகுவரை போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சவர்க்காரம் போட்டுக் கசக்கினார். மஞ்சள் போனது. இனிக் காயவேண்டும். வெளியே மழை விடுவதாக இல்லை, மறுநாள் நேர்முகப் பரீட்சை.

"குடு, நான் கொண்டுபோறேன்" என்றார் அப்பா.

இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மழைக்காலத்தில் எங்கள் லயத்துப் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் புகைக்கூடத்தில்தான் காயும். சாயந்தரம் அம்மாமார் ஆளுக்கொரு பொட்டலம் அப்பாவிடம் கொடுப்பார்கள். காலையில் மொறமொறவென்று, கதகதப்பாக வந்துவிடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் அதே லயம், டீச்சரும் அதே லயம். ஆகவே யாரும் யாரையும் பார்த்து மூக்கைச் சுளித்ததில்லை. எங்கள் துணிக்கு ஒரு வாசனை உண்டு என்பதே தெரியாமல் நான் வளர்ந்து ஆளாகிவிட்டேன். பல்கலைக்கழக விடுதியில் என் அறை நண்பன், நான் ஊரிலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் ஜன்னல்களைத் திறந்துவைப்பான். நல்ல காற்றில் விருப்பமுள்ளவன் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை அப்பா விசேஷ கவனம் எடுத்தார். சட்டையோடு காற்சட்டை, காலுக்குப் போடும் மேஸ், இரவல் வாங்கிய டை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார். "எல்லாம் ஒரே மாதிரி மொறுமொறுன்னு இருக்கட்டும்." பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருந்த என் சான்றிதழ் பைலையும் எடுத்துக்கொண்டார். வழக்கமாகத் துணிகளைக் கதவோரம்தான் போடுவார், அங்கே புகை குறைவு. அன்றைக்கு நேரம் போதாது என்று நட்ட நடுவில் போட்டிருக்கிறார். விடிந்ததும் வந்த சட்டையைப் பார்த்தால், வெள்ளை போய் இளம் பால்தேநீர் நிறத்தில் இருந்தது.

"இப்ப இதுதான் பேஷனு" என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது.

கொழும்பு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள் பலர். என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகவே இருந்தது. டை கட்டினால் மனிதர்கள் எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது.

கொம்பனி வாசலில் காவலாளி என் பெயரை எழுதும்போது மூக்கை உறிஞ்சினார். எழுந்து போய் ஜெனரேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே வரவேற்பில் இருந்த பெண், சிறிது நேரத்தில் கம்பியூட்டர் மேசைக்குக் கீழே குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். உதவி செய்யலாம் என்று நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவள் இன்னொரு ப்ளக்கையும் பிடுங்கினாள்.

நேர்முகப் பரீட்சைக்கு மூன்று பேர். பருத்த உடம்போடு தொழிற்சாலை மெனேஜர், ஆள்சேர்ப்புக்குப் பொறுப்பான ஒரு மேடம், பாதுகாப்புக்குப் பொறுப்பான இளம் அதிகாரி ஒருவர். மெனேஜர் என் பைலைத் திறந்தார். திறந்தவர் அதை முகத்தருகே கொண்டுபோய், யோசித்து, மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு வெப்பமாற்றியைப் பற்றிக் கேட்டார். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொனவஹரி பிச்செனவா நேத?" என்றார் மேடம். (ஏதோ எரிகிறதல்லவா என்று.)

பசைக் கொம்பனியில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. அங்கே பீப்பாய் பீப்பாயாக இருக்கும் கரைப்பான்களுக்கு ஒரு பொறி போதும். பாதுகாப்பு அதிகாரி என்னிடம் திரும்பி, "உங்களுக்கு எரிகிற வாசனை வருகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் நேர்மையாக, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

"இல்லை, சேர்" என்றேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவர்கள் காத்திருக்கவில்லை. மணி அடித்தது. எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. தொழிலாளர்கள் எல்லோரும் முற்றத்தில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே வந்து கூடினார்கள். நானும் அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன். தூறலில் நனைந்த சட்டையிலிருந்து வாசனை இன்னும் கிளம்பியிருக்க வேண்டும். "இங்கேயும் வந்துவிட்டது, ரப்பர்தான் எரிகிறது" என்று ஒருவர் சிங்களத்தில் சொன்னார்.

எனக்குச் சனி பிடித்தது அந்த இடத்தில்தான். சும்மா நின்றிருக்கலாம். ஆனால் நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடத்தில் நல்ல புள்ளி வாங்கியவன். நேராக மெனேஜரிடம் போனேன். "சேர், கலக்கும் எந்திரத்தின் பெல்ட் வழுக்கினால் உராய்வில் ரப்பர் கருகும். பெல்ட்டுகளைப் பார்க்க வேண்டும்." மெனேஜர் முதல் தடவையாக என்னை மதிப்போடு பார்த்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். எனக்கு ஒரு ஹெல்மெட் தந்து, பாதுகாப்பு அதிகாரியோடு உள்ளே அனுப்பினார்கள்.

கலக்கும் பகுதிக்குப் போனோம். "இங்கே இருக்கிறது" என்றார் அதிகாரி. களஞ்சியத்துக்குப் போனோம். "இங்கேயும் இருக்கிறது." சாப்பாட்டு அறை, கழிவறை, கடைசியில் மெனேஜரின் அறை. எங்கே போனாலும் வாசனை எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. நான் ஆழமாக யோசித்து என் ஆராய்ச்சி முடிவை அறிவித்தேன்.

"சேர், இது ஒரே இடத்தில் இருக்கும் தீ இல்லை. மூலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் போகும் திசையிலேயே போகிறது."

அதிகாரி நின்றார். என்னையே பார்த்தார். "நீங்கள் இங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் நடையின் அந்தக் கோடிக்குப் போய் மோந்து பார்த்தார். திரும்பி என்னிடம் வந்து மோந்து பார்த்தார். இன்னொரு தடவை போனார், வந்தார். (பரிசோதனை என்றால் அதுதான். அதை நான் நான்கு வருடம் படித்திருந்தேன்.) பிறகு என் தோள்பக்கம் குனிந்தார்.

"மகேந்திரன், இந்தச் சட்டையை எங்கே காயப்போட்டீர்கள்?"

சொன்னேன். அவர் நல்ல மனிதர், என் முகத்துக்கு நேரே சிரிக்கவில்லை. வோக்கிடோக்கியை எடுத்து மெனேஜருக்குச் சொன்னார்: "சேர், ஹம்பவுனா. இன்டர்விவ் எகட ஆப்பு லமயா." கண்டுபிடித்தாயிற்று, நேர்முகப் பரீட்சைக்கு வந்த பையன்தான் என்று அர்த்தம். மெனேஜர் அந்தக் கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார் போலிருக்கிறது. முற்றத்தில் எழுந்த சிரிப்பு, மழைச் சத்தத்தையும் தாண்டி எங்களுக்குக் கேட்டது. அந்த நேரத்தில் நிஜமாகவே ஒரு தீ பிடித்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அதோடு விட்டதா? கலக்கிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு தொட்டிப் பசை, எந்திரம் நின்றதில் இறுகிப் போயிருந்தது. கலக்கும் தண்டு கல்லில் நட்ட மாதிரி அதற்குள் அசையாமல் நின்றது. அது ஏன் இறுகியது என்று சமன்பாடு எழுதி விளக்க என்னால் முடியும். யாரும் கேட்கவில்லை.

மெனேஜர் கைகொடுத்து அனுப்பினார். "எங்கள் மாமாவுக்கும் கேகாலையில் கொஞ்சம் ரப்பர் இருந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். பிறகு, "அறிவிப்போம்" என்றார். வேலை தேடிய பட்டதாரிகளுக்கு அந்த வார்த்தையை நான் விளக்கத் தேவையில்லை.

ருவான்வெல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்பா குடையோடு நிற்கிறார். "கெடச்சிச்சா" என்று அவர் கேட்கவில்லை.

"எப்ப வரச் சொன்னாங்க தம்பி?" என்றார்.

"எழுதுவாங்கப்பா" என்றேன். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினோம்.

அப்பா தண்ணீர்ப் பீலிப் பக்கம் முகம் கழுவப் போன நேரத்தில் அம்மாவிடமும் தங்கச்சி கலாவிடமும் நடந்ததைச் சொன்னேன். பாதியில் பார்த்தால் அப்பா வாசலில் நிற்கிறார். நிறுத்திவிட்டேன்.

"அப்புறம்?" என்றார்.

வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னேன். மூலம் நகர்கிறது என்ற இடம் வந்தபோது அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினார். மூச்சு ஒருவழியாகத் திரும்பிய பிறகு, அப்பா தன் கையைத் தூக்கி மோந்து பார்த்தார். மற்றக் கையையும் மோந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார். "ஒனக்குத் தெரியுதா தம்பி?"

அவருடைய தோளில் மூக்கை வைத்துப் பார்த்தேன். "இல்லப்பா."

அம்மா எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் அப்பா வழக்கம்போல எழுந்து வேலைக்குப் போனார். அவர் வேலையை விட்டு நிற்கவேண்டிய நாள் அது. அன்றைக்கு அவர் போவதைப் படுக்கையிலிருந்தபடியே பார்த்தேன். எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் கதையை அப்பா எடுத்துக்கொண்டார். ஸ்டோரில் சொன்னார், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் சொன்னார், பஸாரில் முடிவெட்டும் கடையில் சொன்னார், பஸ் கண்டக்டர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஒரு தீயணைப்பு வண்டி வந்தது. அடுத்த மாதம் அது இரண்டானது. முடிவு மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

"எம் மகன் போன அன்னைக்கு ஒரு கொம்பனியே நின்னுச்சு. வேற யாரு மகனுக்காவது அப்படி நின்னிருக்கா?"

இன்னொரு மழைக்காலம் போன பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது. ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பகுதி. இரசாயனப் பொறியியல் படித்தால் எண்ணெய்க் கப்பலுக்குப் போகலாம், மருந்துக் கொம்பனிக்குப் போகலாம், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யலாம். சாக்கடைக்குப் பொறுப்பாகவும் இருக்கலாம். அப்பா சொன்னபடியே மறுநாள் நின்றார். ஸ்டோரில் தேநீரும் வடையும் வைத்து அனுப்பினார்கள். அவர் புகையை விட்டார், புகைதான் அவரை விடவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டியபோது, அதைப் படிக்க என் படிப்பு தேவைப்படவில்லை.

வார்ட்டிலும் அந்தக் கதை போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெரியவருக்கு, ஒட்சிசன் முகமூடியைத் தூக்கித் தூக்கிச் சொன்னார். அவர் சிரித்ததற்குத் தாதியிடம் இரண்டு பேருமே ஏச்சு வாங்கினார்கள். "ஒன்னும் பேசாதீங்கப்பா" என்று நான் முகமூடியைச் சரிசெய்தேன். அப்பா என் கையை விலக்கி, கடைசி வரியையும் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். அந்த வாரமே, நான் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தபோது இறந்துபோனார்.

கருமாதியன்று சாப்பாடு முடிந்து ஸ்டோர் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ அந்தக் கதையை ஆரம்பித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தீயணைப்பு வண்டி வந்த இடத்தில் என்னால் முடியவில்லை. எழுந்து லயத்துக்குப் பின்னால் போய் அழுதேன்.

இப்போது நாங்கள் கொழும்புக்கு வெளியே குடியிருக்கிறோம், அம்மாவும் எங்களோடு. என் தொழிற்சாலையில் எங்காவது ஒயர் கருகினால் முதலில் எனக்குத்தான் போன் வரும்: "சேர், நீங்க இந்தப் பக்கம் வந்தீங்களா?" தீபாவளிக்குக் கலாவும் அவள் கணவரும் வருவார்கள். அவர் மாவனல்லையில் கடை வைத்திருக்கிறவர். சாப்பிட்டு முடித்ததும் கதை ஆரம்பமாகும். தாத்தாவைப் பார்த்தேயிராத என் மகள், வண்டி இரண்டா மூன்றா என்று எங்களைத் திருத்துவாள்.

போன தீபாவளிக்கு அவள் புதிதாக ஒன்று கேட்டாள். "தாத்தா மேல அந்த வாசம் எப்பவும் அடிக்குமா? அது எப்படி இருக்கும்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எனக்கு அடிச்சிச்சு மகள்" என்றார் கலாவின் கணவர். "வெறகு எரிஞ்ச வாசம். கூட கொஞ்சம் புளிப்பு. நான் மூச்சப் பிடிச்சிக்கிட்டுத்தான் தேத்தண்ணி குடிச்சேன்."

"எனக்குக் கல்யாணம் கட்டி வந்த புதுசுல தெரிஞ்சிச்சு" என்றார் அம்மா. "ஒரு மாசத்துல தெரியாமப் போயிருச்சு."

"நீங்க சொல்லுங்கப்பா" என்று மகள் என் பக்கம் திரும்பினாள்.

ஒரு கொம்பனி முழுக்க அந்த வாசனையைத் தெரிந்துகொண்டது. நான் அவர் பக்கத்தில் படுத்து வளர்ந்தவன், எனக்கு அது ஒரு நாள்கூடத் தெரிந்ததில்லை. ஒரே ஒரு தடவை தெரிந்திருந்தாலும், படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று பார்த்திருக்கமாட்டேன். கையைப் பிடித்து அன்றைக்கே வெளியே இழுத்து வந்திருப்பேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மகள் நம்பவில்லை.

"சும்மா சொல்றீங்க" என்றாள். "ஒங்க அப்பாதானே?"